1991இன் மூன்று ஆல்பங்கள்: முதலில் எதை வாங்குவது?

அக்கா மகன் தன் முதல் சம்பளத்தில் ஒரு டர்ன்டேபிள் வாங்கிவிட்டு, அதில் முதலில் சுழல வேண்டிய ராக் ஆல்பம் எது என்று என்னிடம் கேட்டான். இறக்குமதியாகி வரும் ஓர் எல்பி இசைத்தட்டின் விலையை எண்ணிப் பார்த்தபோது, "எல்லாமே நல்ல ஆல்பங்கள்தான், உனக்குப் பிடித்ததை வாங்கு" என்று சொல்லி நழுவிவிட எனக்கு மனம் வரவில்லை. அவனே தேடிப் படித்து மூன்று பெயர்களுக்கு வந்திருந்தான்: நிர்வானாவின் 'நெவர்மைண்ட்', மை ப்ளடி வாலண்டைனின் 'லவ்லெஸ்', ஸ்லிண்ட்டின் 'ஸ்பைடர்லேண்ட்'. மூன்றும் 1991ஆம் ஆண்டில் சில மாத இடைவெளிகளில் வெளிவந்தவை. ஆல்டர்நேட்டிவ் ராக், இண்டி ராக் என்று நாம் இன்று அழைக்கும் இசை அதன் பிறகு பிரிந்து சென்ற மூன்று பாதைகளின் தொடக்கத்திலும் இவற்றில் ஒவ்வொன்று நிற்கிறது. பல ஆண்டுகளாக இம்மூன்றையும் மாறி மாறிக் கேட்டுவருபவன் என்ற முறையில், அவனுக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பாடல்களைக் கேட்டு வளர்ந்து, ராக் இசைக்குள் புதிதாக நுழையும் ஒருவர் ஓர் ஆல்பத்துக்கு மட்டுமே பணம் செலவழிக்க முடியுமென்றால், அவர் வாங்க வேண்டியது 'லவ்லெஸ்'. பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாக, 'நெவர்மைண்ட்'டில் தொடங்கி மெல்ல மற்றவற்றுக்கு வரச் சொல்வார்கள். அந்த அறிவுரை தவறானதல்ல. ஆனால் எந்த ஆல்பம் சிறந்தது என்ற கேள்விக்குத்தான் அது விடை தேடுகிறது. ஓர் ஆல்பம் கேட்பவரிடம் எதை எதிர்பார்க்கிறது, அதைக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை வேறாகிவிடுகிறது.

எளிதானதை முதலில் பார்ப்போம். 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பர் 24 அன்று வெளியானபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 46,000 பிரதிகளே கடைகளுக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஜனவரியிலேயே அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைப் பின்தள்ளிவிட்டு, அமெரிக்க ஆல்பங்களின் விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. இந்த வெற்றிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது, அந்த ஆல்பம் எவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான். சரணத்தில் கிட்டார் ஒதுங்கிக்கொள்கிறது; பேஸும் டிரம்ஸும் மட்டும் அடக்கமாக நடக்கின்றன; பல்லவி வந்ததும் எல்லாம் ஒன்றாக இடிக்கிறது. பிக்ஸீஸ் குழுவிடமிருந்து இந்த அடங்கி எழும் முறையை எடுத்துக்கொண்டதை நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல், அவருடைய மெட்டுகள் ஒரு முறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்பவை. வார்த்தை புரியாவிட்டாலும் கூடவே முணுமுணுக்கலாம்.

தயாரிப்பாளர் பட்ச் விக்கின் பங்கு இதில் பெரிது. ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கோபேனுக்குப் போலித்தனமாகப் பட்டது. ஜான் லெனனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லியே விக் அவரை இணங்கவைத்தார். கடைசிப் பாடலான 'சம்திங் இன் த வே' பதிவான விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. முழுக் குழுவாக வாசித்தபோது அந்தப் பாடல் கைக்கு வரவில்லை. கோபேன் ஒலிப்பதிவு அறையின் சோபாவில் படுத்துக்கொண்டு, ஐந்தே கம்பிகள் கொண்ட, சுருதி சேராத ஒரு பழைய கிட்டாரை மெல்ல மீட்டியபடி, காதில் விழுமா விழாதா என்ற குரலில் பாடிக் காட்டினார். விக் அறையின் குளிர்சாதனத்தையும் தொலைபேசியையும் நிறுத்திவிட்டு அங்கேயே மைக்கை வைத்துப் பதிந்துகொண்டார். பிறகு சேர்ந்த பேஸும் செல்லோவும் அந்தக் கிட்டாரின் சுருதியைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. அடுத்த முறை அந்தப் பாடலைக் கேட்கும்போது, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கவனித்தால் அந்த அறையின் அமைதியே காதுக்குக் கேட்கும்.

இவ்வளவு பிடித்த ஆல்பத்தை முதலில் வாங்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. 'நெவர்மைண்ட்'டுக்குப் பிறகு வந்த முப்பது ஆண்டு ராக் இசையில் பாதி அதன் முறையைப் பின்பற்றியே வந்தது. விளம்பரங்களிலும் படங்களிலும் கல்லூரி விழா மேடைகளிலும் அந்த அடங்கி எழும் பாணியை நாம் ஏற்கெனவே பல நூறு முறை கேட்டுவிட்டோம். ஆகவே இன்று முதன்முறையாகக் கேட்பவருக்கு அது புதிதாகத் தெரியாது, பழகியதாகத்தான் தெரியும். அதோடு, ஆண்டி வாலஸ் செய்த ஒலிக்கலவை மிகத் தெளிவானது. கைபேசியில் கேட்டாலும் பேருந்தில் கேட்டாலும் அதன் பெரும்பகுதி வந்துசேர்ந்துவிடும். கோபேனுக்கே பிற்காலத்தில் அந்தப் பளபளப்பு பிடிக்காமல்போய், 1993இல் வந்த 'இன் யூட்டரோ'வுக்கு, பளபளப்பில்லாமல் பதிவதற்குப் பெயர்பெற்ற ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியைத் தேடிப்போனார். பணம் கொடுத்து வாங்கும் எல்பியிடம் நாம் எதிர்பார்ப்பது, வேறு வழியில் கிடைக்காத ஒன்றை. அந்த வகையில் 'நெவர்மைண்ட்' நம்மிடமிருந்து எதையும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, அது தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. பெரிய ஸ்ட்ரீமிங் தளங்களில் மூன்றுமே கிடைக்கும்போது, அப்படிக் கேட்டாலே போதுமான அளவு கிடைத்துவிடக்கூடிய ஆல்பம் இதுதான்.

'ஸ்பைடர்லேண்ட்' இதற்கு முற்றிலும் எதிர்த்திசை. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரைச் சேர்ந்த, அப்போதுதான் இருபதைத் தொட்டிருந்த நான்கு இளைஞர்கள், 1990 ஆகஸ்டில் சிகாகோவின் ஒரு ஸ்டூடியோவில் நான்கே நாட்களில் இதைப் பதிவுசெய்தார்கள். 1991 மார்ச்சில் டச் அண்ட் கோ நிறுவனம் ஆல்பத்தை வெளியிடுவதற்குள் குழு கலைந்துவிட்டது. விற்பனை மிகக் குறைவு. ஸ்லிண்ட்டின் முதல் ஆல்பத்தைப் பதிந்த அதே ஸ்டீவ் ஆல்பினிதான் 'மெலடி மேக்கர்' என்ற பிரிட்டிஷ் இசை இதழில் இதற்குப் பத்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார். அட்டையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் இன்று ராக் உலகம் முழுவதற்கும் தெரியும்: நீர் நிரம்பிய ஒரு கல்குவாரியில் நான்கு தலைகள் மட்டும் மேலே தெரிகின்றன, நால்வரும் சிரிக்கிறார்கள்.

மொத்தம் ஆறே பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. குழுவின் குரலான பிரையன் மெக்மஹான் பெரும்பாலும் பாடுவதில்லை. பேசுகிறார், சில இடங்களில் முணுமுணுக்கிறார். முதல் பாடலில் ஒருவன் திருவிழா மைதானத்தில் குறி சொல்லும் பெண்ணின் கூடாரத்துக்குள் நுழைகிறான், இருவரும் ரோலர்கோஸ்டரில் ஏறுகிறார்கள். கடைசிப் பாடலில் கப்பல் உடைந்து கரையேறிய ஒரு மாலுமி ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறான், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை நிற்கிறது. கிட்டார்கள் கதையின் பின்னால் மெல்ல இறுகிக்கொண்டே போகின்றன. இறுதியில் மெக்மஹான் அதுவரை காத்த அடக்கம் அனைத்தையும் உடைத்துக்கொண்டு, ஏக்கத்தைச் சொல்லும் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. 'நெவர்மைண்ட்'டிலும் அடங்கி எழும் முறைதான் இருக்கிறது. ஆனால் அங்கே பல்லவி எப்போது வரும் என்று தெரிந்தே காத்திருக்கிறோம். இங்கே அது வருமா என்பதே தெரியாது. ஏழரை நிமிடப் பாடலின் இறுதிக் கட்டம்வரை காத்திருந்த பிறகு வருகிறது.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆல்பத்தை அறிமுகப்படுத்துபவர்கள் அதன் தாளக்கட்டு கடினம் என்று பயமுறுத்துவார்கள். இரண்டாவது பாடலான 'நாஸ்ஃபெராட்டு மேன்' சரணங்களில் ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. நான்கு நான்காக எண்ணிப் பழகிய ராக் ரசிகருக்கு அது தடுமாற்றமாக இருக்கலாம். கண்ட சாபு தட்டிப் பழகிய கைக்கு இரண்டு சுற்றிலேயே பிடிபட்டுவிடும். ஆகவே தாளம் நமக்குத் தடையே அல்ல.

தடை மொழியில் இருக்கிறது. 'ஸ்பைடர்லேண்ட்' அதன் கதைகளில் வாழ்கிறது. குரல் இசைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறது, அமெரிக்க உச்சரிப்பு, அதிலும் முணுமுணுப்பு. கதவைத் தட்டுபவன் யார், உள்ளே நிற்பது யார் என்பது புரியாவிட்டால், கடைசிக் கதறல் வெறும் கதறலாகவே கேட்கும். வரிகளை அச்சில் படித்துவிட்டுக் கேட்கலாம். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் படித்துப் புரிந்துகொண்டு உணர்வதற்கும், கேட்கும் கணத்திலேயே வார்த்தை நெஞ்சில் இறங்குவதற்கும் உள்ள தூரம் பெரிது. ஆங்கிலத்திலேயே கனவு காண்கிற ஒருவருக்கு இந்தத் தடை இல்லை. அப்படிப்பட்டவரிடம், தயங்காமல் 'ஸ்பைடர்லேண்ட்'டையே முதலில் வாங்குங்கள் என்பேன். மற்றவர்களுக்கு அது இரண்டு ஆண்டு கழித்து வாங்க வேண்டிய ஆல்பம்.

இனி 'லவ்லெஸ்'. முதலில் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த கேசட்டில்தான் இதை நான் முதன்முதலாகக் கேட்டேன். கேட்ட உடனேயே டேப் இழுக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலைச் செருகி நாடாவை இறுக்கிச் சுற்றி, பிளேயரின் தலைப்பகுதியைப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே இழுப்பு. வேறொரு கேசட்டைப் போட்டபோது பாட்டு நேராக ஓடியது. அப்போதுதான், அந்த இழுப்பே இசை என்று புரிந்தது.

அதை உண்டாக்கியவர் மை ப்ளடி வாலண்டைனின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ். சில மின்கிட்டார்களில் ட்ரெமோலோ என்ற ஒரு கைப்பிடி உண்டு. அதை அழுத்தினால் கம்பிகளின் இறுக்கம் தளர்ந்து சுருதி இறங்கும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். மற்றவர்கள் ஒரு வரியின் முடிவில் அலங்காரமாக அதைத் தொடுவார்கள். ஷீல்ட்ஸ் அந்தக் கைப்பிடியை உள்ளங்கையில் பிடித்தபடியே கம்பிகளை மீட்டினார். ஒவ்வொரு மீட்டலிலும் முழு இசைக்கோவையும் சற்றே வளைந்து நிமிர்கிறது. எந்த ஸ்வரமும் ஓர் இடத்தில் ஆணி அடித்தது போல நிற்பதில்லை. இங்கே எனக்கு ஒரு எண்ணம் வருகிறது. ஸ்வரங்களுக்கு இடையில் வழுக்கிச் செல்லும் ஓசையைக் கேட்டு, கமகத்தோடு வளர்ந்த காதுக்கு இந்த வளைவு அந்நியமானதல்ல. கர்நாடக இசைக்கும் இதற்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஷீல்ட்ஸ் அதை மனத்தில் வைத்துச் செய்ததாக எங்கும் சொன்னதில்லை. ஸ்வரம் அசையலாம், அசைந்தபடியே அழகாக இருக்கலாம் என்பதை நம்முடைய காது ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

1989 முதல் 1991 வரை, பத்தொன்பது ஸ்டூடியோக்களில் அலைந்து இந்த ஆல்பம் பதிவானது. அதற்கு இரண்டரை லட்சம் பவுண்டு செலவாகி, அதை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனமே திவாலாகும் நிலைக்கு வந்தது என்று பரவிய கதையை ஷீல்ட்ஸ் தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார். வெளியான பிறகு கிரியேஷன் அவர்களைக் கைவிட்டது. அடுத்த ஆல்பம் வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் கோல்ம் ஓ கீசோக் அந்த நாட்களில் உடல்நலம் குன்றியிருந்ததால், பெரும்பாலான பாடல்களில் அவர் வாசித்த சிறு துண்டுகளை இணைத்தே தாளத்தை அமைத்தார்கள். ஆகவே தாளம் ஓர் இயந்திரத்தைப் போல நிதானமாக ஓட, அதன் மேல் கிட்டார் உருகி ஓடுகிறது. நூறு கிட்டார்களை அடுக்கியது போலக் கேட்கும் இடங்களில்கூட உண்மையில் மிகச் சில பதிவுகளே இருப்பதாக ஷீல்ட்ஸ் சொல்லியிருக்கிறார். அந்த அடர்த்தி கையின் அசைவிலிருந்தும் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்திலிருந்தும் வருவது.

குரலைப் பற்றிச் சொல்வதுதான் என் முடிவுக்கு முக்கியமானது. குழுவின் பாடகி பிலிண்டா பட்சர், பல பாடல்களைக் காலை ஏழரை மணிவாக்கில், அப்போதுதான் கண்ணயர்ந்த தன்னை எழுப்பிவிட்டுப் பாடவைத்ததாக நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தத் தூக்கம் குரலில் அப்படியே இருக்கிறது. அந்தக் குரலையும் ஷீல்ட்ஸ் முன்னால் கொண்டுவந்து நிறுத்தவில்லை. கிட்டார்களுக்கு நடுவில், அவற்றோடு அவற்றாக, இன்னொரு வாத்தியம் போல வைத்துவிட்டார். வார்த்தைகள் அநேகமாக யாருக்கும் புரிவதில்லை. லண்டனில் பிறந்தவரும் டப்ளினில் வளர்ந்தவரும் இந்த வரிகளை ஊகித்துத்தான் எழுதிப் பார்க்கிறார்கள். மதுரையிலிருந்து கேட்கும் ஒருவருக்கும் அவர்களுக்கும் இந்த ஆல்பத்தின் முன்னால் வேறுபாடு எதுவும் இல்லை. ஆங்கில ராக்கைக் கேட்கும்போது எனக்கு எப்போதும் ஒரு குறை உள்ளுக்குள் இருக்கும், யாரோ பேசிக்கொண்டிருக்கும் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பது போல. 'லவ்லெஸ்' கேட்கும்போது அந்தக் குறை எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இம்மூன்றிலும் அது முதலில் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

அது எதிர்பார்ப்பது வேறொன்று: நல்ல ஒலி. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் 'லவ்லெஸ்' வெறும் இரைச்சல். குரல் கிட்டாரில் மூழ்கிவிடும், அடியில் ஓடும் பேஸ் காணாமலே போய்விடும். அதை அப்படிக் கேட்டுவிட்டு வெறுத்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஓரளவு நல்ல ஸ்பீக்கர்களோ, காதை மூடி நிற்கும் ஹெட்போனோ இருந்தால் அந்த இரைச்சல் திறந்துகொள்கிறது. 'டு ஹியர் நோஸ் வென்' பாடலில் தொடக்கத்தில் மேகம் போலத் தெரிவதற்குள் இரண்டாவது நிமிடத்தில் ஒரு மெட்டு இருப்பது தெரியும். பத்தாவது முறை கேட்கும்போது அந்த மெட்டுக்குள் பட்சரின் குரல் எங்கே முடிகிறது, கிட்டார் எங்கே தொடங்குகிறது என்று தேடுவீர்கள். ஒலியைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அண்டை வீட்டாரோடு ஒத்துப்போக வேண்டிய குடியிருப்பில் இது ஒரு சிக்கல்தான், ஆகவே ஹெட்போன் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம். டர்ன்டேபிளுக்குப் பணம் செலவழிக்கத் துணிந்தவருக்கு இந்த நிபந்தனை பெரிதல்ல. 2018இல் ஷீல்ட்ஸே மேற்பார்த்து, நாடாவிலிருந்து கணினியின் குறுக்கீடு இல்லாமல் வெட்டப்பட்ட எல்பிப் பதிப்பு வெளிவந்தது. பழைய தட்டு கிடைத்தால், எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குவது நல்லது.

'லவ்லெஸ்' எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. முதல் வாரத்திலேயே மகிழ்ச்சி வேண்டும் என்று நினைப்பவருக்கு 'நெவர்மைண்ட்' பொருந்தும். அவரிடம் நான் வாதாட மாட்டேன். மெட்டும் வேகமும் மட்டுமே போதும், ஒலியின் அடுக்குகளைப் பற்றி அக்கறை இல்லை என்பவருக்கும் அதுவே. உணர்ச்சியை வார்த்தை வழியாகவே ஏற்றுக்கொள்பவர், கதை கேட்பதில் ஊறியவர், ஆங்கிலத்தில் நுணுக்கமான காது உடையவர், 'ஸ்பைடர்லேண்ட்'டை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அக்கா மகன் பெரும்பாலும் வாத்திய இசையைக் கேட்பவன். பாட்டின் வரியைவிடப் பின்னணியில் போகும் வயலினைத்தான் முதலில் சுட்டிக்காட்டுவான். அவனுக்கு 'லவ்லெஸ்' என்று சொல்ல எனக்கு யோசிக்கவே தேவையில்லை.

இதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது உண்மைதான். 'நெவர்மைண்ட்' தெரியாமல் 'லவ்லெஸ்' கேட்பது, பல்லவி தெரியாமல் நிரவல் கேட்பது போல ஆகிவிடுமோ என்று யோசித்தேன். பிறகு இரண்டையும் ஒருநாள் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தபோது அந்தத் தயக்கம் போய்விட்டது. 'லவ்லெஸ்' நிர்வானாவுக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று தெரியாமல், வெவ்வேறு ஊர்களில் உருவாகிக்கொண்டிருந்தவை. ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றது முன்நிபந்தனை அல்ல.

எனவே அவனுக்கு நான் எழுதி அனுப்பிய வரிசை இது: 'லவ்லெஸ்' எல்பியாக, இப்போதே. 'நெவர்மைண்ட்' கைபேசியில், அலுவலகம் போய்வரும் வழியில், விருப்பம்போல். 'ஸ்பைடர்லேண்ட்', கதைகளை ஒரு முறை வாசித்துவிட்டு, அடுத்த தீபாவளி போனஸில். அதையும் எல்பியாகவே வாங்கச் சொன்னேன், ஏனென்றால் அதன் குறுந்தகட்டு உறையிலேயே, இந்தப் பதிவு எல்பியில் கேட்பதற்கானது என்று அந்த நால்வரும் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.